பாஸ்வேர்டு சரி, ஆனாலும் லாகின் ஆகவில்லை: வெப்மெயில் கோளாறை எங்கே தேடுவது?

திங்கட்கிழமை காலையில் மெயில் சர்வரைக் கவனிப்பவருக்கு வரும் முதல் அழைப்பு அநேகமாக இப்படித்தான் இருக்கும்: “சார், பாஸ்வேர்டு சரியாகத்தான் போடுகிறேன். உள்ளே விடமாட்டேன் என்கிறது.” கேட்பவரின் வாயில் பதில் தயாராக இருக்கும்: “மாற்றிக் கொடுத்துவிடுகிறேன், புதியதைப் போட்டுப் பாருங்கள்.” கோளாறு உண்மையிலேயே கடவுச்சொல்லில் இருந்தால் இதில் தவறில்லை. வேறு எங்காவது இருந்தால், இருந்த தடயமும் கலைந்துபோகும். அத்துடன் அந்தப் பயனரின் கைபேசியும் வீட்டு மடிக்கணினியும் பழைய கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு சர்வரை ஓயாமல் தட்டத் தொடங்கும். ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

வெப்மெயிலில் லாகின் ஆகவில்லை என்றால் கடைசியாகக் கைவைக்க வேண்டியது கடவுச்சொல் என்பது என் கட்சி. எந்தப் படியில் ஏறும்போது கால் இடறியது என்பதை சர்வர் தன் பதிவுக் கோப்பில் எழுதிவைத்திருக்கிறது. அதைப் படிக்காமல் எதையும் மாற்றக் கூடாது.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க, உலகெங்கும் சிறு அலுவலகங்களும் கல்லூரிகளும் ஹோஸ்டிங் நிறுவனங்களும் அதிகம் பயன்படுத்தும் ஓர் அமைப்பையே எடுத்துக்கொள்வோம். முன்னால் ரவுண்ட்கியூப், இது தாமஸ் புரூடெர்லி 2005-இல் தொடங்கிய, பிஎச்பியில் எழுதப்பட்ட வெப்மெயில். பின்னால் டவ்காட், ஃபின்லாந்தின் டிமோ சிரைனென் 2002-இல் வெளியிட்ட ஐமேப் சர்வர் (சர்வரில் இருக்கும் கடிதங்களைப் படிப்பதற்கான நெறிமுறைதான் ஐமேப்). அனுப்புவதற்கு போஸ்ட்ஃபிக்ஸ். ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சிபேனல் மூலம் மெயில் பார்ப்பவர்களும் தெரிந்தோ தெரியாமலோ ரவுண்ட்கியூபைப் பார்த்திருப்பார்கள்.

இந்த அமைப்பில் பலருக்கும் பிடிபடாத ஒரு விஷயம் உண்டு. வெப்மெயிலுக்கென்று சொந்தமாகக் கடவுச்சொல் பட்டியல் எதுவும் கிடையாது. ஆட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவரைப் போன்றது அது. நீங்கள் சொன்னதை எழுதி உள்ளே நீட்டும். உள்ளே இருப்பவர் தள்ளிவிட்டால், “தள்ளிவிட்டார்கள்” என்று மட்டும் வந்து சொல்லும். ஏன் என்று கேட்டால் அதற்கும் தெரியாது. ஆகவே ரவுண்ட்கியூபின் லாகின் பக்கத்தையே முறைத்துக்கொண்டிருப்பதால் பயன் இல்லை.

நீங்கள் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டி எண்டர் அழுத்தியதும் நடப்பதைப் பாருங்கள். உலாவி அவற்றை இணைய சர்வரிடம் தருகிறது. ரவுண்ட்கியூப் ஐமேப் சர்வருக்கு 143 அல்லது 993-ஆம் போர்ட்டில், அதாவது எண்ணிட்ட வாசலில், இணைப்பு எடுக்கிறது. நடுவில் யாரும் படிக்க முடியாதபடி குறியாக்கம் தொடங்குகிறது, சர்வர் தான் யார் என்று காட்டும் சான்றிதழ் சரிபார்க்கப்படுகிறது. பிறகுதான் உங்கள் கடவுச்சொல் டவ்காட்டின் கைக்குப் போகிறது. டவ்காட் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கிறது: இந்தக் கடவுச்சொல் சரியா? சரி என்றால், இவருடைய அஞ்சல் பெட்டி எங்கே இருக்கிறது, எந்தப் பயனர் எண்ணின் பெயரில் திறப்பது? இரண்டுக்கும் விடை கிடைத்த பின் ரவுண்ட்கியூப் தன் தரவுத்தளத்தில் ஒரு செஷனை, அதாவது இவர் உள்ளே வந்திருக்கிறார் என்ற குறிப்பை, எழுதி, அதற்கான அடையாளச் சீட்டாக உலாவிக்கு ஒரு குக்கியைக் கொடுக்கிறது. இதில் எங்கே அறுந்தாலும் பயனர் பார்ப்பது மறுபடியும் அதே லாகின் பக்கத்தைத்தான்.

திரையில் என்ன வந்தது?

அழைத்தவரிடம் முதலில் கேட்க வேண்டியது, திரையில் வந்த வாசகத்தை எழுத்துக்கு எழுத்து அப்படியே படிக்கச் சொல்வது. ரவுண்ட்கியூப் மூன்று வெவ்வேறு வாசகங்களைச் சொல்லும். பயனர்கள் மூன்றையும் “லாகின் ஆகவில்லை” என்று ஒன்றாக்கிவிடுவார்கள்.

“லாகின் ஃபெயில்டு” என்று வந்தால், ஐமேப் சர்வர்வரை போய், அங்கே மறுக்கப்பட்டிருக்கிறது. “கனெக்‌ஷன் டு ஸ்டோரேஜ் சர்வர் ஃபெயில்டு” என்று வந்தால், ரவுண்ட்கியூபால் ஐமேப் சர்வரோடு பேசவே முடியவில்லை. கடவுச்சொல்லுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. “யுவர் செஷன் இஸ் இன்வேலிட் ஆர் எக்ஸ்பயர்டு” என்று வந்தால், கோளாறு செஷனிலோ குக்கியிலோ இருக்கிறது. இரண்டாவது, மூன்றாவது வாசகங்களுக்குக் கடவுச்சொல்லை மாற்றித் தருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வாசகத்தைக் கேட்டிருந்தால் அந்த வேலையே மிச்சம்.

முதல் வாசகம் இவ்வளவு மொட்டையாக இருப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. “அப்படி ஒரு பயனரே இல்லை” என்று ஒரு பதிலும், “பயனர் உண்டு, கடவுச்சொல்தான் தவறு” என்று வேறு பதிலும் கொடுத்தால், திருட வருபவன் ஆயிரம் பெயர்களைப் போட்டுப் பார்த்து எவை நிஜம் என்று பொறுக்கிக்கொள்வான். அதனால் இரண்டுக்கும் ஒரே பதில். ஐமேப் நெறிமுறைக்கு 2009-இல் சேர்க்கப்பட்ட பதில் குறியீடுகளில்கூட இந்த எச்சரிக்கை தெரிகிறது. பெயர் தவறு, கடவுச்சொல் தவறு இரண்டையும் ஒரே குறியீட்டுக்குள் அடக்கிவிட்டு, “பின்னால் இருக்கும் தரவுத்தளம் இப்போது பதில் சொல்லவில்லை”, “கடவுச்சொல் காலாவதியாகிவிட்டது” போன்றவற்றுக்குத் தனிக் குறியீடுகள் வைத்தார்கள். திருடனிடம் மறைக்க வேண்டியதை மறைக்கும் அந்த ஏற்பாடு, நிர்வாகியிடமும் சேர்த்து மறைத்துவிடுகிறது. நிர்வாகிக்குத் தனியாக ஒரு ஜன்னல் இருக்கிறது. அதுதான் பதிவுக் கோப்பு.

அடைப்புக்குறிக்குள் இருக்கும் விடை

டவ்காட்டின் பதிவுக் கோப்பில், தோற்றுப்போன ஒவ்வொரு லாகினுக்கும் ஒரு வரி இருக்கும். அதில் பயனர்பெயர், எந்த முறையில் முயன்றார், எந்த முகவரியிலிருந்து வந்தார், குறியாக்கம் இருந்ததா என்பதெல்லாம் வரிசையாக வரும். என் கண் முதலில் போவது அடைப்புக்குறிக்குள் இருக்கும் சிறு துண்டுக்குத்தான். அங்கே பெரும்பாலும் மூன்றில் ஒன்றைக் காணலாம்.

“நோ ஆத் அட்டெம்ப்ட்ஸ்” என்று இருந்தால், வந்தவர் கடவுச்சொல்லை நீட்டாமலேயே திரும்பிப் போய்விட்டார். “டிரைடு டு யூஸ் டிஸ்அலவ்டு பிளெயின்டெக்ஸ்ட் ஆத்” என்று இருந்தால், குறியாக்கம் இல்லாத இணைப்பில் கடவுச்சொல்லைச் சொல்ல முயன்றார், சர்வர் காது கொடுக்க மறுத்துவிட்டது. “ஆத் ஃபெயில்டு” என்று இருந்தால்தான் கடவுச்சொல் உண்மையிலேயே ஒப்பிடப்பட்டுத் தோற்றிருக்கிறது. முதல் இரண்டிலும் பயனர் பூரண நிரபராதி.

முதல் வகைக்கு வழக்கமான காரணம் சான்றிதழ். பிஎச்பி மொழி 2014 ஆகஸ்டில் வந்த 5.6 பதிப்பில், மறுமுனை சர்வரின் சான்றிதழைச் சரிபார்ப்பதைத் தன் இயல்பான நடத்தையாக்கிக்கொண்டது. அதுவரை எந்தச் சான்றிதழைக் காட்டினாலும் தலையாட்டியது. அன்றிலிருந்து இன்றுவரை தொடரும் ஒரு வலை இருக்கிறது: ரவுண்ட்கியூபின் அமைப்புக் கோப்பில் ஐமேப் சர்வரின் பெயர் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று எழுதப்பட்டிருக்கும், சான்றிதழோ நிறுவனத்தின் மெயில் முகவரியின் பெயரில் வாங்கியதாக இருக்கும். பெயர் பொருந்தாது, பிஎச்பி கைகுலுக்கலைப் பாதியில் விட்டுவிடும். ரவுண்ட்கியூபின் பிழைக் கோப்பில் “அன்நோன் ரீசன்”, அதாவது காரணம் தெரியவில்லை, என்று ஒரு வரி விழும். இவ்வளவு நடந்த பிறகும் காரணம் தெரியவில்லையாம்! அமைப்புக் கோப்பில் சான்றிதழில் உள்ள பெயரையே எழுதிவிட்டால் தீர்ந்தது.

பலர் அதைச் செய்யாமல் சரிபார்ப்பையே அணைத்துவிடுகிறார்கள். இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் யோசனையும் அதுதான். வெப்மெயிலும் ஐமேப் சர்வரும் ஒரே இயந்திரத்துக்குள் இருந்தால் போகட்டும் என்று விடலாம். இரண்டும் வெவ்வேறு இயந்திரங்களில் இருந்தால், நடுவில் யார் நின்றாலும் எல்லாருடைய கடவுச்சொல்லையும் வாரிக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

இன்னொரு சான்றிதழ்க் கோளாறு காலண்டர் பார்த்து வரும். லெட்ஸ் என்க்ரிப்ட் வழியாக இலவசமாகப் பெறும் சான்றிதழ்கள் வழக்கமாக 90 நாட்கள் செல்லும். தானாகப் புதுப்பிக்கும் நிரலை எல்லாரும் வைத்திருப்பார்கள். அந்த நிரல் புதுப்பித்த கையோடு இணைய சர்வருக்குத் தகவல் சொல்லும். டவ்காட்டுக்குச் சொல்ல மறந்திருப்பார்கள். டவ்காட் தொடங்கியபோது படித்த பழைய சான்றிதழையே நீட்டிக்கொண்டிருக்கும். உலாவியில் பூட்டுச் சின்னம் ஒழுங்காகத் தெரியும், வட்டில் உள்ள சான்றிதழ்க் கோப்பைத் திறந்தாலும் தேதி சரியாக இருக்கும், லாகின் மட்டும் ஆகாது. ஓடிக்கொண்டிருக்கும் 993-ஆம் போர்ட்டிடமே ஓப்பன்எஸ்எஸ்எல் கட்டளை மூலம் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். பொதுச் சான்றிதழ்களின் ஆயுளைப் படிப்படியாகக் குறைத்து 2029 மார்ச்சில் 47 நாட்களாக்க, சான்றிதழ் வழங்குவோரும் உலாவி நிறுவனங்களும் 2025-இல் முடிவெடுத்துவிட்டார்கள். புதுப்பித்த பின் டவ்காட்டை மறுபடி ஏற்றும் ஒரு வரியை அந்த நிரலில் இன்றே சேர்த்துவிடுவது நல்லது.

இரண்டாவது வகை, சர்வரை இடம் மாற்றும்போது முளைப்பது. குறியாக்கம் இல்லாமல் கடவுச்சொல்லை வாங்குவதில்லை என்பது டவ்காட்டின் இயல்பான கொள்கை. ஆனால் ஒரே இயந்திரத்துக்குள்ளிருந்து வரும் இணைப்பைப் பாதுகாப்பானதாகவே அது கருதும். ஆகவே வெப்மெயிலும் டவ்காட்டும் ஒன்றாக இருந்தவரை குறியாக்கம் இல்லாத 143-ஆம் போர்ட்டில் வண்டி ஆண்டுக்கணக்கில் ஓடியிருக்கும். சுமை கூடிவிட்டது என்று வெப்மெயிலைத் தனி இயந்திரத்துக்கு எடுத்துப் போனதும், அமைப்புக் கோப்பில் சர்வர் முகவரியைத் தவிர வேறெதுவும் மாறாமலேயே அத்தனை லாகினும் தோற்கும். ரவுண்ட்கியூபில் முகவரிக்கு முன்னால் குறியாக்கத்தைக் குறிக்கும் ‘ssl://’ என்பதைச் சேர்த்து 993-க்கு மாற்றுவதே முறை. டவ்காட்டின் கொள்கையைத் தளர்த்துவது இருப்பதிலேயே மோசமான வழி.

ரெட் ஹாட் குடும்பத்து லினக்ஸ்களில் இவற்றோடு இன்னொரு காவலாளியும் உண்டு. எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு, இணைய சர்வர் தானாக வெளியே இணைப்பு எடுப்பதை இயல்பாகத் தடுத்துவைக்கும். ஐமேப் சர்வர் நன்றாக இருக்கும், ஃபயர்வாலும் திறந்திருக்கும், கட்டளை வரியிலிருந்து இணைத்தால் இணையும், ரவுண்ட்கியூபிலிருந்து மட்டும் இணையாது. அதற்கென்று இருக்கும் அனுமதியைத் திறந்தால் போதும். எஸ்இலினக்ஸை முழுவதுமாக அணைக்கிற பழக்கத்தை இன்னும் கைவிடாதவர்களிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

உண்மையிலேயே ஒப்பிட்டுத் தோற்றால்

மூன்றாவது வகைக்கு வருவோம். இங்கே கடவுச்சொல் டவ்காட்டை அடைந்துவிட்டது. இப்போது ரவுண்ட்கியூபை ஒதுக்கிவைத்துவிட்டு, டவ்காட்டுடன் வரும் டவ்அட்ம் கட்டளையால் நேராகச் சோதிக்க வேண்டும். அதில் ‘ஆத் டெஸ்ட்’ கடவுச்சொல்லை மட்டும் பார்க்கும். ‘ஆத் லாகின்’ அஞ்சல் பெட்டியைப் பற்றிய கேள்வியையும் சேர்த்துக் கேட்கும். முதலாவது தேறி இரண்டாவது தோற்றால், கடவுச்சொல் சரி, பெட்டியின் விவரம்தான் கிடைக்கவில்லை. ஒரு சிறு அறிவுரை: கடவுச்சொல்லைக் கட்டளையோடு சேர்த்துத் தட்டாதீர்கள், கட்டளை வரலாற்றில் தங்கிவிடும். விட்டுவிட்டால் டவ்அட்ம் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும்.

டவ்காட்டின் விரிவான பதிவை இயக்கினால், வெளியே சொல்லாத விவரத்தைத் தன் கோப்பில் சொல்லும்: பயனரைத் தெரியவில்லையா, கடவுச்சொல் பொருந்தவில்லையா என்று. “தெரியாத பயனர்” என்றால் பயனர்பெயரின் வடிவத்தைப் பாருங்கள். சர்வர் முழு மின்னஞ்சல் முகவரியை எதிர்பார்க்கும், பயனர் @ குறிக்கு முன்னால் உள்ளதை மட்டும் தட்டியிருப்பார், அல்லது நேர்மாறாக. ரவுண்ட்கியூபில் டொமைன் பெயரைத் தானாகச் சேர்க்கும் ஓர் அமைப்பு உண்டு. பல டொமைன்களை ஒரே சர்வரில் வைத்திருப்பவர்கள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால், இரண்டாவது டொமைன்காரர்கள் எல்லாரும் முதல் டொமைனில் தேடப்படுவார்கள்.

“கடவுச்சொல் பொருந்தவில்லை” என்று வந்தாலும் பயனர் மீது உடனே பழி போட வேண்டாம். பழைய சர்வரிலிருந்து கணக்குகளை மாற்றி வந்த மறுநாள் இப்படி வந்தால், கடவுச்சொல்லை உருமாற்றிச் சேமித்துவைத்த குறுக்கவடிவத்தின் (ஹாஷ்) வகையைச் சந்தேகப்பட வேண்டும். ஒவ்வொன்றின் முன்னாலும் அது எந்த வகை என்ற முன்னொட்டு இல்லாவிட்டால், டவ்காட் தனக்குச் சொல்லப்பட்ட பொது வகையை வைத்து ஒப்பிடும். எல்லாமே தவறாகும். போதாததற்கு டவ்காட் 2.4, வலுவில்லாத பழைய குறுக்க வகைகளை இயல்பாக ஏற்பதையும் நிறுத்திவிட்டது. நெடுங்காலமாகக் கடவுச்சொல்லை மாற்றாமல் இருந்த மூத்த ஊழியர்கள் மட்டும் பொறுக்கி எடுத்தாற்போல் வெளியே நின்றால், கை காட்டுவது இந்தப் பக்கம்தான்.

நம் ஊரில் கூடுதலாக ஒரு சங்கதி. தமிழ்99 விசைப்பலகையை அணைக்காமல் கடவுச்சொல்லைத் தட்டினால் திரையில் தெரிவது புள்ளிகள்தான். உள்ளே போவது தமிழ் எழுத்தா ஆங்கில எழுத்தா என்று புள்ளியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கண் சின்னம் இருந்தால் அதை அழுத்திப் பார்க்கச் சொன்னால் போதும். வேண்டுமென்றே தமிழில் கடவுச்சொல் வைத்தவர்களுக்கு வேறு சிக்கல். பழைய ரவுண்ட்கியூப் பதிப்புகள் கடவுச்சொல்லை ஐஎஸ்ஓ 8859-1 என்ற மேற்கு ஐரோப்பிய எழுத்துத் தொகுப்பில் மாற்றி அனுப்பும். அதில் தமிழுக்கு இடமே இல்லை. கைபேசி ஆப்பில் வேலை செய்யும் அதே கடவுச்சொல் வெப்மெயிலில் செத்துப்போவது இப்படித்தான். ஒரு வரி அமைப்பை யுடிஎஃப்-8 என்று மாற்றினால் உயிர் வந்துவிடும்.

பெரிய அலுவலகங்களில் டவ்காட் தானே பட்டியல் வைத்திருக்காமல் அலுவலகக் கணக்குகளை ஓரிடத்தில் வைத்திருக்கும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியிடம் கேட்கும். அங்கிருந்து வரும் மறுப்பு, பிழை எண் 49. அந்த 49 ஒன்றும் சொல்லாது. அதே வரியின் வால்பகுதியில் ஒட்டியிருக்கும் துணை எண்தான் பேசும். 525 என்றால் பயனர் இல்லை. 532 என்றால் கடவுச்சொல் காலாவதி. 533 என்றால் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது. 773 என்றால் முதல் முறை நுழையும்போது கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். வெப்மெயிலில் அதற்கு வழி இல்லாததால் புதிதாகச் சேர்ந்தவர்கள் மாட்டிக்கொள்வார்கள். 775 என்றால் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது. இந்த 775-க்குப் பின்னால் பெரும்பாலும் மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய கைபேசி ஒன்று இருக்கும். பயனர் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார், அந்தக் கைபேசியில் மாற்றவில்லை. அது விடாமல் முயன்று கணக்கைப் பூட்டிவைக்கும். நிர்வாகி திறந்துவிடுவார், சிறிது நேரத்தில் மறுபடி பூட்டிக்கொள்ளும். திறப்பதை நிறுத்திவிட்டு, எந்த முகவரியிலிருந்து முயற்சி வருகிறது என்று பார்க்க வேண்டும்.

எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியே நின்றால்

ஒருவர் இருவர் என்றில்லாமல் அலுவலகமே வெளியே நிற்கிறது. நேரடியாக ஐமேப் பயன்படுத்தும் கைபேசிகள் மட்டும் நன்றாக வேலை செய்கின்றன. பத்து நிமிடம் கழித்துத் தானாகவே சரியாகி, மதியம் மறுபடியும் வருகிறது. இந்தக் குறிகள் சேர்ந்து வந்தால் நான் பதிவுக் கோப்பைத் திறப்பதற்கு முன்பே ஃபெயில்2பேனைச் சந்தேகிப்பேன்.

ஃபெயில்2பேன் நல்ல காவலாளி. பதிவுக் கோப்பைப் படித்துக்கொண்டே இருந்து, ஒரே முகவரியிலிருந்து பல தோல்விகள் வந்தால் அந்த முகவரியை ஃபயர்வாலில் அடைத்துவிடும். அதன் இயல்பான கணக்கு, பத்து நிமிடங்களுக்குள் ஐந்து தோல்வி என்றால் பத்து நிமிடத் தடை. அதன் கண்ணுக்கு முகவரிதான் ஆள். வெப்மெயில் வழியாக வரும் அத்தனை பேரும் டவ்காட்டின் பார்வையில் ஒரே முகவரியிலிருந்து, அதாவது வெப்மெயில் சர்வரின் முகவரியிலிருந்துதான் வருகிறார்கள். திங்கட்கிழமை காலையில் ஐந்து பேர் ஆளுக்கொரு தரம் தவறாகத் தட்டினால் போதும், வெப்மெயில் சர்வரே தடைப் பட்டியலில் ஏறிவிடும். மீதி அனைவருக்கும் திரையில் வருவது “ஸ்டோரேஜ் சர்வரோடு இணைய முடியவில்லை”. பத்து நிமிடத்தில் தடை நீங்கும். நிர்வாகி டவ்காட்டை மறுதொடக்கம் செய்த நேரமும் அதுவும் ஒத்துப்போனால், மறுதொடக்கத்தால்தான் சரியானது என்று நம்பி அதையே வைத்தியமாக எழுதிவைத்துவிடுவார். இப்படிப் பிறந்த வைத்தியக் குறிப்புகள் பல அலுவலகங்களில் உண்டு.

ஃபெயில்2பேனே இல்லாவிட்டாலும் டவ்காட்டுக்குள் இதன் சிறு வடிவம் ஒன்று இருக்கிறது. ஒரே முகவரியிலிருந்து தோல்விகள் வரவர, பதில் சொல்வதை 2, 4, 8 நொடி என்று தள்ளிக்கொண்டே போய் 15 நொடிவரை காக்கவைக்கும். அதனால் சரியான கடவுச்சொல் போட்டவருக்கும் லாகின் இழுக்கும்.

வெப்மெயில் சர்வரின் முகவரியை ஃபெயில்2பேனின் விலக்குப் பட்டியலில் போடுவது பாதி வேலைதான். அதோடு நின்றால் வெப்மெயில் வழியாகக் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்ப்பவனுக்குக் கதவு திறந்துவிட்டதாகும். மீதிப் பாதி, உண்மையான ஆளின் முகவரியைப் பின்னால் வரை கொண்டுசேர்ப்பது. டவ்காட்டில் நம்பகமான வலையமைப்புகள் என்று ஓர் அமைப்பு உண்டு. அதில் வெப்மெயில் சர்வரைச் சேர்த்துவிட்டால், அந்தச் சர்வர் “இந்த இணைப்பு இன்ன முகவரிக்காரருக்காக” என்று சொல்வதை டவ்காட் ஏற்கும். பதிவுக் கோப்பிலும் அதையே எழுதும். காக்கவைக்கும் தண்டனையும் வெப்மெயிலுக்கு விழாது. ரவுண்ட்கியூபை அப்படிச் சொல்லவைக்க ஒரு சிறு பிளக்இன் வேண்டும். ரவுண்ட்கியூபுக்கு முன்னால் வேறொரு ப்ராக்ஸி, அதாவது இடைத்தரகுச் சர்வர், நின்றால், அதையும் நம்பலாம் என்று ரவுண்ட்கியூபிடம் சொல்லிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் ப்ராக்ஸியின் முகவரியே எல்லாருடைய முகவரியாகிவிடும். இவ்வளவும் வேண்டாம் என்றால், ஃபெயில்2பேனில் ரவுண்ட்கியூபுக்கென்றே இருக்கும் வடிகட்டியை இயக்கி, டவ்காட்டின் கோப்புக்குப் பதில் ரவுண்ட்கியூபின் கோப்பைப் படிக்கவைக்கலாம். உண்மையான முகவரி அங்கே ஏற்கெனவே இருக்கிறது.

உள்ளே போய்த் திரும்பி வருபவர்கள்

பதிவுக் கோப்பில் லாகின் வெற்றி என்று இருக்கும், பயனரோ லாகின் பக்கத்திலேயே நிற்பார். இது செஷன் கோளாறு. வட்டு நிரம்பித் தரவுத்தளத்தால் எழுத முடியாமல் போவது முதல் காரணம். பார்க்க ஒரு நிமிடம் ஆகாது, ஆனால் பலர் கடைசியாகத்தான் பார்ப்பார்கள்.

இரண்டாவது கொஞ்சம் நுட்பமானது. ஒவ்வொரு சொடுக்குக்கும் ரவுண்ட்கியூப் ஐமேப் சர்வரிடம் புதிதாக லாகின் செய்தாக வேண்டும். அதற்காக உங்கள் கடவுச்சொல்லை செஷனுக்குள் பூட்டிவைத்திருக்கிறது. பூட்டும் சாவி அமைப்புக் கோப்பில் இருக்கும் 24 எழுத்துத் தொடர். சுமையைப் பங்கிட இரண்டு வெப்மெயில் சர்வர்களை வைத்து, இரண்டிலும் வெவ்வேறு சாவி போட்டுவிட்டால், முதல் சர்வர் பூட்டியதை இரண்டாவதால் திறக்க முடியாது. பயனர் ஒரு சொடுக்கில் உள்ளே, அடுத்த சொடுக்கில் வெளியே. செஷனை முகவரியோடு கட்டிவைக்கும் இன்னோர் அமைப்பும் உண்டு. பாதுகாப்புக்காக யாரோ அதை இயக்கியிருந்தால், வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும் கைபேசிக்காரர்கள் ஒவ்வொரு முறையும் வெளியே தள்ளப்படுவார்கள்.

ரவுண்ட்கியூபை ஜிமெயிலுக்கோ மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனுக்கோ முகப்பாக வைத்திருப்பவர்களின் கதை தனி. அங்கே கடவுச்சொல் சரியாக இருந்தும் மறுக்கப்படுவது கோளாறு அல்ல, கொள்கை. கூகுள் 2022 மே 30 முதல் தனிநபர் கணக்குகளில் வெறும் கடவுச்சொல்லை வைத்து வெளி மென்பொருள்கள் நுழைவதை நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் படிப்படியாக அடைத்தது. கூகுளில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு வாங்கலாம். எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனுக்கு, கடவுச்சொல்லுக்குப் பதில் தற்காலிக அனுமதிச் சீட்டைக் காட்டும் ஓஆத் முறைதான் வழி, ரவுண்ட்கியூப் 1.5 பதிப்பிலிருந்து அது இருக்கிறது.

இனி, லாகின் ஆகிவிட்டது, படிக்கவும் முடிகிறது, அனுப்பினால் மட்டும் 535 என்ற எண்ணோடு மறுப்பு வருகிறது என்ற புகார். அனுப்புவது போஸ்ட்ஃபிக்ஸின் வேலை. அது தனியாக இன்னொரு முறை அடையாளம் கேட்கும். பழைய ரவுண்ட்கியூப் அதே இயந்திரத்தின் 25-ஆம் போர்ட்டில் எந்த அடையாளமும் காட்டாமல் கடிதத்தைப் போட்டுவிட்டு வரும். 1.4 பதிப்பிலிருந்து 587-ஆம் போர்ட்டில் பயனரின் பெயரையும் கடவுச்சொல்லையும் காட்டுவது இயல்பானது. 1.6-இல் சர்வர் முகவரிகளுக்கான அமைப்புகளின் பெயர்களே மாறிவிட்டன. லாகின் ஆன எவரும் சர்வரில் தம் நிரலை ஓட்டக்கூடிய பெரிய ஓட்டை ஒன்று 2025 ஜூனில் 1.6.11, 1.5.10 பதிப்புகளில் அடைக்கப்பட்டது. அதுபோன்ற செய்தி வந்ததும் பழைய பதிப்பிலிருந்து அவசரமாகத் தாவுபவர்கள் இந்த இரண்டு மாற்றங்களிலும் தடுக்கி விழுவார்கள். போஸ்ட்ஃபிக்ஸின் பதிவுக் கோப்பில், அடையாளத்தைச் சரிபார்க்க டவ்காட்டோடு பேசும் சாக்கெட் கோப்பைக் காணவில்லை என்ற எச்சரிக்கை இருந்தால் பயனரை விட்டுவிடுங்கள். டவ்காட்டின் அமைப்பில் அந்தச் சாக்கெட்டை உருவாக்கும் பகுதியையும் அதன் அனுமதிகளையும் பாருங்கள்.

தேடும்போது டவ்காட்டில் கடவுச்சொற்களையே பதிவுக் கோப்பில் எழுதும் அமைப்பை இயக்கியிருந்தால், வேலை முடிந்ததும் அதை அணைத்து டவ்காட்டை மறுபடி ஏற்றுங்கள். அந்த நேரத்தில் எழுதப்பட்ட கோப்பில், தவறாகத் தட்டியவர்களின் கடவுச்சொற்கள் அப்படியே திறந்து கிடக்கும். தவறாகத் தட்டியது என்றாலும் அவற்றில் சில, அந்த ஆளின் வங்கிக் கணக்குக்கோ வேறு மெயிலுக்கோ உரிய சரியான கடவுச்சொல்லாக இருக்க வாய்ப்பு உண்டு. கோப்பைச் சுழற்சியில் விட்டு அழிந்துவிடும் என்று இருக்காமல் அந்தப் பகுதியைக் கையாலேயே நீக்குங்கள். முந்தைய இரவு எடுத்த பேக்கப்பிலும் அது போயிருக்கிறதா என்று பாருங்கள்.